அக்கா சொன்ன ஓகே

எனக்கு அப்போது சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் கொடுத்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பாதி. சான்டா கிளாராவில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய புரோகிராமை வாங்கி, அது எங்கே உடையும் என்று நோண்டிக்கொண்டே இருக்க வேண்டும். எழுதியவர் வந்து "எல்லாம் ஓகே" என்று சொல்லிவிட்டுப் போனால், அன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்ப முடியாது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அந்தச் சொல்லின் மேல் எனக்குக் கடுப்பு வந்தது அங்கேதான். திரையில் ஒரு சின்னப் பெட்டி வரும். 'உங்கள் ஃபைல் அழிக்கப்படும்' என்று அதில் எழுதியிருக்கும். கீழே ஒரே ஒரு பொத்தான், ஓகே. வேண்டாம் என்று சொல்ல இடமே இருக்காது. நான் அதைத் தவறு என்று எழுதிப் போடுவேன். புரோகிராம் எழுதிய ஆள் தட்டி மறைத்த என் க்யூபிக்கிளுக்கு வந்து, அதுதான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோமே, அவர்களும் ஓகேயை அழுத்துகிறார்களே என்று வாதாடுவான். வேறு எதை அழுத்த முடியும் என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "ஓகே" என்பான். போய்விடுவான். அடுத்த வாரமும் அந்தப் பெட்டி அப்படியேதான் இருக்கும்.

பக்கத்து க்யூபிக்கிளில் எங்கள் சாஃப்ட்வேருக்கு மேனுவல் எழுதுகிற ஓர் அமெரிக்கப் பெண்மணி இருந்தார். என் அம்மா வயது இருக்கும். சொற்கள் என்றால் அவருக்கு உயிர். ஒருநாள் காபி மெஷின் முன்னால் நின்றுகொண்டு, இந்த ஓகே எங்கிருந்துதான் வந்து தொலைத்தது என்று அவரிடம் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு காபிக்கும் ஒரு கதை. இந்த மண்ணின் பூர்வகுடிகளில் ஒரு கூட்டத்தார் 'அப்படித்தான்' என்பதற்குச் சொன்ன சொல் அது என்றார் ஒருநாள். கிரேக்க மாலுமிகள் 'எல்லாம் நலம்' என்று சொல்வதன் முதல் எழுத்துகள் என்றார் இன்னொரு நாள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துவரப்பட்டவர்கள் நாக்கிலேயே கொண்டுவந்த 'ஆமாம்' அது என்று சொல்கிறவர்களும் உண்டாம். சரக்கு மூட்டைகளில் ரயில்வே குமாஸ்தா ஒருவர் போட்ட இனிஷியல் என்பது வேறொரு கட்சி. இந்தம்மா நன்றாகக் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு சொல்லுக்கு இத்தனை பேர் பெற்றோர் என்று வந்து நின்றால் யாரை நம்புவது?

கடைசியாக, படித்தவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொண்ட கதையைச் சொன்னார். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்னால் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்ததாம். வேண்டுமென்றே ஸ்பெல்லிங்கைத் தப்பாக எழுதி, அந்தத் தப்பிலிருந்து முதல் எழுத்துகளை எடுத்துச் சுருக்குவார்களாம். 'ஆல் கரெக்ட்' என்பதை ஏ-க்குப் பதில் ஓ, சி-க்குப் பதில் கே என்று தப்பாக எழுதிச் சுருக்கியதுதான் ஓகே. பிறகு தேர்தலில் நின்ற ஒருவருக்கு அதே எழுத்துகளில் ஒரு பட்டப்பெயர் அமைய, அவருடைய ஆட்கள் ஊரெல்லாம் அதைக் கத்திக்கொண்டு திரிந்தார்கள். சொல் நிலைத்துவிட்டது. எல்லாம் சரி என்று சொல்லவந்த இரண்டு எழுத்தில் இரண்டுமே தப்பு. இதைக் கேட்டு எனக்கு மகா திருப்தி. அந்த மேனுவல் அம்மா சிரித்துக்கொண்டே என் கோப்பையில் பாலை ஊற்றினார்.

வீட்டில் நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை. எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. டேகேருக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து மூக்கு ஒழுகாத வாரம் கிடையாது. சளி காதுக்கு இறங்கும், காய்ச்சல் வரும், டேகேரிலிருந்து எனக்கு ஃபோன் வரும். நானோ என் கணவரோ போட்டதைப் போட்டபடி ஃப்ரீவேயில் ஓட வேண்டும். எங்கள் இரண்டு பேருடைய மேனேஜர்களும் குடும்பம்தான் முக்கியம் என்று வாய் நிறையச் சொன்னார்கள். அப்படிச் சொன்ன மறுவாரம் என் மேனேஜர் என்னை ஒரு முக்கியமான மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. எங்கள் கிரீன் கார்டு பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. வேலை போனால் எல்லாம் போகும்.

எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் நம்மவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். குழந்தையை ஒரு வருஷம் ஊருக்கு அனுப்பிவிடுவது. தாத்தா வீட்டிலோ சித்தி வீட்டிலோ வளர்ந்து, தமிழும் சாப்பாடும் பழகி, தேறித் திரும்பி வரும். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. மாடி வீட்டுக்காரர்கள் பையனை அப்படித்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்த அன்று நாங்கள் எல்லோரும் பார்க்கப் போயிருந்தோம். நன்றாகக் கொழுகொழுவென்று இருந்தான். அவனுடைய அம்மா தூக்கப்போனபோது ஊரிலிருந்து கூட்டிவந்த அப்பாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஆன்ட்டி, வேணாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். அதன்பிறகு அவள் தட்டில் போட்டிருந்த கேசரியைத் தொடவில்லை என்பதை நான் பார்த்தேன்.

இதையெல்லாம் பார்த்தும் நானும் அந்த வழிக்குத்தான் வந்தேன். எங்கள் சாஃப்ட்வேர் வெளியாகிற நேரத்து வேலை நெருக்கடிக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று அம்மா என் அக்காவைக் கோயமுத்தூரிலிருந்து மூன்று மாதத்துக்கு அனுப்பிவைத்தாள். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷங்கள். குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, போகாத கோயில் இல்லை. அக்கா வந்து சேர்ந்த வாரமே அம்மா ஃபோனில், அக்கா திரும்பும்போது குழந்தையையும் அவளோடு அனுப்பிவிடு என்றாள். அவளுக்கும் வீடு வெறிச்சென்று இருக்கிறது, உனக்கும் ஒரு வருஷம் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரே கல்யாணத்தில் இரண்டு ஜோடியை உட்கார வைத்துச் செலவை மிச்சம் பிடிப்பது எங்கள் அம்மாவின் வழக்கம். இதிலும் அம்மாவின் கணக்கு ஒரு வருஷத்தோடு முடிவதாக எனக்குத் தோன்றவில்லை.

என் கணவரிடம் சொன்னேன். "உனக்கு ஓகேன்னா எனக்கு ஓகே" என்றார். அந்த மனிதர் எதற்கும் அப்படித்தான். சோபா வாங்கினாலும் அதே பதில், குழந்தையை அனுப்பினாலும் அதே பதில். அக்காவிடம் கேட்டேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், டிவி பார்த்துப் புதிதாகப் பழகியிருந்த சொல்லில், "ஓகே" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் ரொம்பச் சின்னதாக இருந்தது. ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? ஒரு வருஷமா, இரண்டு வருஷமா, காய்ச்சல் வந்தால் என்ன மருந்து என்று ஒன்றும் கேட்கவில்லை. முன்னமே அம்மாவோடு பேசிவைத்துக்கொண்டு வந்தவள்தான் இப்படி உடனே ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தேன்.

மகளிடம் நானே பேசினேன். பெரியம்மாவோடு ஏரோப்ளேனில் போய்க் கொஞ்ச நாள் இருக்கிறாயா என்று தமிழில் கேட்டேன். "ஓகே, மம்மி" என்றாள், க்ரேயானிலிருந்து கண்ணை எடுக்காமல். மம்மி வரமாட்டேன், அப்பாவும் வரமாட்டார் என்றேன். அதற்கும் ஓகே. என் தொழில்புத்தி விடவில்லை. நாம் எல்லோரும் நிலாவில் போய் வீடு கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஓகே. அப்பாவை யாருக்காவது கொடுத்துவிடலாமா? "ஓகே."

மறுநாள் அவளை விடப்போனபோது டேகேரில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தேன். அங்கே டீச்சர் எதையும் கட்டளையாகச் சொல்வதில்லை. ஷூவைப் போட்டுக்கொள்கிறோம், ஓகே? பொம்மையைத் திருப்பிக் கொடுக்கிறோம், ஓகே? பிள்ளைகள் கோரஸாக ஓகே என்றன. ஒன்று மட்டும் நோ என்றது. டீச்சர் முகம் மாறாமல், இன்னும் இனிப்பாக, அதே வாக்கியத்தை அது ஓகே சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொன்னார். என் மகளும் இந்தப் பள்ளியில் தேறியவள்தானே. அவளிடம் நான் வாங்கிய சம்மதம் செல்லாது என்று தெரிந்தது. ஆனால் டிக்கெட் ஏற்கெனவே போட்டாகிவிட்டது. இங்கே பிறந்த பிள்ளை என்பதால் சொந்த ஊருக்குப் போக அவளுக்கு விசாவும் எடுத்தாகிவிட்டது.

அதன்பிறகு நான் அக்காவையே கவனித்துக்கொண்டிருந்தேன். கவனிக்கக் கவனிக்க வயிறு எரிந்தது. குழந்தைக்கு எந்தப் பக்கம் படுத்தால் காது வலிக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் வேலையிலிருந்து வரும்போது இரண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து வெண்டைக்காயைத் தொட்டி மண்ணில் நட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். குழந்தை என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் விளையாட்டுக்குப் போய்விடுவாள். இண்டியன் கடையில் யாரோ ஓர் ஆன்ட்டி, உங்கள் பெண்ணா என்று கேட்டபோது அக்கா இல்லை என்று சொல்லவில்லை. "எங்க வீட்டுப் பாப்பாதானுங்க" என்றாள். நான் பக்கத்தில் பருப்பு வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பற்றிக்கொண்டு வந்தது. அவள் தன் வீட்டுக்காரரோடு ஃபோனில் பேசும்போது நான் உள்ளே போனால் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். என்ன ரகசியம்? எந்த ஸ்கூலில் சேர்ப்பது என்றா? என்னை எப்படித் தட்டிக்கழிப்பது என்றா? எனக்கு அவளைப் பிடிக்காமலே போய்க்கொண்டிருந்தது. சிறுவயதில் எனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். அதை நினைத்தால் இன்னும் கோபம்தான் வந்தது.

கிளம்புவதற்கு முன்னால் வந்த சனிக்கிழமை மத்தியானம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். என் கணவர் காருக்கு ஆயில் மாற்றப் போயிருந்தார். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளை எடைபோட்டு வைத்துவிடலாம் என்று பாத்ரூம் தராசை ஹாலுக்குக் கொண்டுவந்தேன். நாங்கள் எல்லோரும் செய்வதுதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு நம் எடையைக் கழித்துக்கொள்வது. அக்காவின் பெட்டி சரியாக இருந்தது. குழந்தைக்கென்று வாங்கிய சிவப்புப் பெட்டியைத் தூக்கினேன். அது பூப்போல வந்தது.

திறந்தேன். ஒரு துணியும் இல்லை. நான் மடித்துக் கொடுத்திருந்த ஃப்ராக்கும் பேன்ட்டும் ஒன்றுகூட இல்லை. அலமாரியைப் போய்ப் பார்த்தால் எல்லாம் பழையபடி தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நிமிஷத்திலும் என் மனது நல்ல பக்கம் போகவில்லை. இங்கே வாங்கிய ஒன்றும் வேண்டாம், எல்லாம் அங்கே புதிதாக வாங்கி, என் குழந்தையைத் தலைமுதல் கால்வரை தன் குழந்தையாக மாற்றிக்கொள்ளப் போகிறாள் என்றுதான் போனது.

அக்கா ஈரத்தலையில் துண்டோடு வந்து நின்றாள். திறந்திருந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இதென்ன அக்கா?" என்றேன். "அவ துணியக்கூட உன் வீட்டுக்குள்ள விடமாட்டியா? திருப்பி அனுப்பறதா உனக்கு உத்தேசமே இல்லையா?"

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக நான் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அம்மாவின் திட்டம், கடை ஆன்ட்டி, தாழ்த்திய குரல், எல்லாம். குழந்தை விழித்துவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் கத்தினேன். அக்கா கடைசிவரைக்கும் கேட்டாள்.

"இந்தப் பொட்டிய நானு நாலு தடவ அடுக்கினேன் கண்ணு," என்றாள். "நாலு தடவையும் வெளிய எடுத்து அலமாரிலயே மாட்டிட்டேன். என்னால முடியாது. அவர்கிட்டயும் ஃபோன்ல அதத்தான் சொல்லி அழுதுட்டு இருந்தேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஏன் ஓகே என்றாய் என்று கேட்டேன்.

"பின்ன என்ன சொல்லச் சொல்ற? முடியாதுன்னா, பெத்திருந்தாத்தான தெரியும்னு பேசுவாங்க. சரின்னா, தங்கச்சி புள்ளய வளைச்சுப் போட்டுக்கிட்டான்னு பேசுவாங்க." துண்டை உதறி மடித்தாள். "இப்ப நீயே பேசிட்ட."

நான் தரையில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. முகம் மட்டும் தீயாய்க் காய்ந்தது. அவளைப் பார்க்க முடியாமல் தராசின் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வருசம் அவள எங்கூடப் படுக்க வெச்சு, ஸ்கூலுக்கு அனுப்பிச்சு, அப்பறம் கொண்டாந்து உங்கையில குடுக்கோணும்," என்றாள் அக்கா. "குடுப்பேன். குடுக்காம இருக்க மாட்டேன், நீ பயப்படாத. ஆனா குடுத்துட்டு அந்த வீட்டுக்குள்ள நான் திரும்ப எப்புடிப் போவேன், சொல்லு?"

நான் அந்தச் சிவப்புப் பெட்டியை மூடிப் பூட்டினேன். என் கணவர் ஆயில் கையோடு உள்ளே வந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்ன ஆச்சு என்றார். குழந்தை போகவில்லை என்றேன். அவர் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து கீழே உட்கார்ந்தார். கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். "தேங்க் காட்" என்றார். "நீ கேட்டதால ஒத்துக்கிட்டேன். அவ இல்லாம இங்க எப்படி இருக்கறதுன்னு தெரியல." இத்தனை நாள் அந்த மனிதர் வாயைத் திறந்து இதைச் சொல்லியிருந்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. நான் மட்டும் மனம் திறந்து கேட்டேனா என்று உடனே தோன்றியது. குழந்தையின் டிக்கெட்டை அவர் திங்கட்கிழமை ரத்து செய்தார். அம்மாவிடம் அக்காவே பேசிக்கொண்டாள். நான் வேலையில் பாதிநேரம் கேட்டேன். மேனேஜர் சிரித்த முகத்தோடு சம்மதித்தார். அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. வராது என்று எனக்கும் தெரியும்.

சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்டில் அப்போதெல்லாம் வழியனுப்ப வந்தவர்களும் கேட் வரைக்கும் போகலாம். கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. அக்கா என் கன்னத்தைத் தொட்டாள், என் கணவரிடம் போயிட்டு வர்றேனுங்க என்றாள். குழந்தை இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நின்றாள். அக்கா தூக்கவில்லை. தலையில் கையை வைத்து எடுத்தாள், அவ்வளவுதான். டிக்கெட்டைக் காட்டிவிட்டு அந்தச் சுரங்கம் மாதிரி பாதைக்குள் நடந்தாள். மகள் "பெரிம்மா, பெரிம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா நடந்துகொண்டே இருந்தாள்.

"ஒய் இஸ் ஷி நாட் லுக்கிங்?" என்று மகள் என் சேலையை இழுத்துக் கேட்டாள். "பெரிம்மாக்கு என்மேல கோபமா?"

"இல்லடா," என்றேன். "திரும்பினா உன்னத் தூக்கிட்டுப் போயிருவா."